எந்த ரைஃபிள் வாங்கலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணி "அண்ணே லைசென்ஸ் வந்துருச்சு, எந்த ரைஃபிள் வாங்கலாம்"னு கேட்டான். எத அடிக்கப் போறேன்னு கேட்டேன். முயல் பயிர தின்னுது, நரி ஆட்டுக்குட்டிய தூக்குது, அப்படியே வருஷத்துக்கு ஒரு தடவ மான் வேட்டைக்கும் போகணும், மூணுக்கும் ஒரே ரைஃபிள் வேணும்ங்குறான். அரை மணி நேரம் பேசியும் முடியல, அதான் உக்காந்து எழுதிடலாம்னு.

எல்லாரும் ரைஃபிள்ல ஆரம்பிச்சு ஸ்கோப்புக்கு வந்து கடைசியா கையில மிச்சம் இருக்குற காசுக்கு ஏதோ ஒரு டப்பா தோட்டா வாங்குறாங்க. நான் தலைகீழா வாங்கம்பேன். என்ன மிருகம், எவ்வளவு தூரத்துல நிக்கும், அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு, இந்த மூணையும் முடிவு பண்ணுங்க, தோட்டா தானா முடிவாகிடும், தோட்டா தெரிஞ்சா ஸ்கோப் தெரியும், ரைஃபிள் கடைசில வரட்டும். அந்த உயிர போய் தொடுறது ரெண்டு கிராமோ பத்து கிராமோ இருக்குற அந்த குண்டு ஒண்ணுதான், அது ஒழுங்கா வேல செஞ்சாதான் மிருகம் துடிக்காம போகும். எந்த மிருகத்த எந்த சீசன்ல எந்த காலிபர்ல (குண்டோட தடிமன், .22-னா 0.22 இன்ச்) அடிக்கலாம்னு அந்தந்த நாட்டு சட்டம் சொல்லும், சில நாட்டுல வேட்டையே கிடையாது, அத மொதல்ல படிச்சுட்டு இங்க வாங்க.

குடோன்ல எலி, தகர கூரைக்குக் கீழ புறான்னா துப்பாக்கியே வேணாம், ஏர் ரைஃபிள் போதும். 16 ஜூல் சக்தி இருக்குற .22 ஏர் ரைஃபிள்ல 30 மீட்டருக்குள்ள, மூக்கு உருண்டையா இருக்குற டோம் பெல்லட் போட்டா வேல முடிஞ்சது. ஒண்ணு மட்டும் கவனிங்க, ஸ்பிரிங் வெச்ச ஏர் ரைஃபிள் பின்னாடியும் உதைக்கும் முன்னாடியும் இழுக்கும், அந்த முன் இழுப்பு சாதாரண ஸ்கோப்போட உள்ள இருக்குறத கழட்டி விட்ரும், ஏர் ரைஃபிளுக்குன்னே செஞ்ச ஸ்கோப்தான் தாங்கும்.

முயலுக்கு .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்). 1887-ல வந்த தோட்டா, இன்னிக்கும் அத ஓரமா வைக்க ஆளில்ல. 40 கிரெயின் குண்டு, அதாவது 2.6 கிராம் ஈயம். சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம், சப்சோனிக் தோட்டா அதுக்குக் கீழ 320 வாக்குல போகும், அதனால காத்த கிழிக்கிற அந்த 'பட்' சத்தம் வராது, சைலன்சர் மாட்டிட்டா பக்கத்துல மேயுற அடுத்த முயல் தலைய தூக்கி பாத்துட்டு மறுபடி மேயும். ஹை வெலாசிட்டி 380 வரைக்கும் போகுது, வேகம் ஜாஸ்தி அதனால காத்து கம்மியா தள்ளும்னுதான் யாரும் நினைப்பாங்க, ஆனா 100 மீட்டர்ல பாத்தா சப்சோனிக்கத்தான் காத்து கம்மியா தள்ளுது, ஏன்னா சத்தத்தோட வேகத்த ஒட்டி போற குண்டுக்கு காத்தோட தடை ரொம்ப அதிகம், அந்த தடையில இழக்குற வேகம்தான் பக்கவாட்டு தள்ளலா மாறுது. முயலுக்கு ஹாலோ பாயின்ட் (மூக்குல குழி இருக்குற குண்டு) சப்சோனிக், ஒவ்வொரு தோட்டாவையும் கையால போல்ட்ட இழுத்து ஏத்துற போல்ட் ரைஃபிள், 50 மீட்டர் ஜீரோ, அதாவது அந்த தூரத்துல குறி வெச்ச இடத்துலயே குண்டு விழுற மாதிரி ஸ்கோப்ப செட் பண்றது, இது என் முடிவு. அடுத்த தோட்டாவ தானா ஏத்திக்குற செமி ஆட்டோல சப்சோனிக் சில சமயம் போல்ட்ட முழுசா பின்னாடி தள்ளாது, சிக்கிக்கும்.

50-ல ஜீரோ பண்ணுன சப்சோனிக் 100-ல ஒரு சாண் கீழ போய் அடிக்கும். அதனால 70 மீட்டர தாண்டி நான் .22-ல முயல் அடிக்க மாட்டேன். ரொம்ப கிட்டக்கவும் கவனம் வேணும், ஸ்கோப் பேரலுக்கு ஒரு நாலு சென்டிமீட்டர் மேல உக்காந்திருக்கு, பத்து மீட்டர்ல தலைய குறி வெச்சா குண்டு குறிக்குக் கொஞ்சம் கீழ போகும்.

.22-ல என்ன பயமுறுத்துறது ஒண்ணுதான், ரிக்கோஷே. மெதுவா போற ஈயக்குண்டு ஒடையாது, ஈர மண்ணுலயோ கல்லுலயோ பட்டா எகிறி போய்டும். மழ பேஞ்ச ஒரு சாயங்காலம் வரப்பு ஓரத்துல ஒரு முயல அடிச்சேன், அடி தப்பிருச்சு, குண்டு ஒரு சின்ன கல்லுல பட்டு 'வ்வீயீங்'னு இழுத்துக்கிட்டே என் தலைக்கு எதிர் பக்கம் போச்சு, அந்த சத்தம் நிக்கவே எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டவனுக்குதான் தெரியும். .22 டப்பாவுலயே ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு அச்சடிச்சிருப்பாங்க. அன்னிக்கு நான் அந்த பக்கம் முழுக்க நடந்து போய் பாத்துட்டுதான் வீட்டுக்கு வந்தேன். அதுக்கப்புறம் மண் மேடு பின்னாடி இல்லாம ட்ரிக்கர்ல விரல் வெச்சதில்ல.

கல்லு நெறைய இருக்குற நிலம்னா .17 எச்எம்ஆர் தோட்டா பாருங்க. 2002-ல வந்தது, .22 மேக்னம் தோட்டாவோட கேஸ் (பித்தளைக் கூடு) கழுத்த சுருக்கி செஞ்சது, 17 கிரெயின் பிளாஸ்டிக் மூக்கு குண்டு செகண்டுக்கு 775 மீட்டர் வேகத்துல போகுது. எதுல பட்டாலும் தூளாகிடும், எகிறுறது ரொம்ப கம்மி. 120 மீட்டர் வரைக்கும் நேர் கோடு மாதிரி பறக்கும். ஆனா ஒரு கிராம் சொச்சம்தான் எடை, காத்து அடிச்சா ஓரமா போய்டும், சத்தமும் அடங்காது. காத்து நாள்ல அத வீட்டுலயே வெச்சுருவேன்.

நரிக்கு .223, இல்லனா .22-250. இங்கதான் தம்பிக்கு ரொம்ப நேரம் சொன்னேன், ட்விஸ்ட் ரேட் பாக்காம தோட்டா வாங்காதன்னு. பேரலுக்குள்ள இருக்குற வரி எத்தன இன்ச்சுல ஒரு சுத்து சுத்துதுங்குறதுதான் ட்விஸ்ட். பழைய .223-ல 12 இன்ச்சுக்கு ஒரு சுத்து இருக்கும், அது 40-லிருந்து 55 கிரெயின் குண்டுக்கு. நான் அது மாதிரி ஒண்ணுல, எடை கூடுனா காத்து தள்ளாதுன்னு நினைச்சு 75 கிரெயின் போட்டேன். 100 மீட்டர் நடந்து போய் பேப்பர பாத்தா உருண்டை ஓட்டையே இல்ல, சாவித்துவாரம் மாதிரி நீளமா இருக்கு, குண்டு படுத்துக்கிட்டே பேப்பருக்குள்ள போயிருக்கு, பக்கவாட்டு வடிவம் அப்படியே கிழிஞ்சு பதிஞ்சிருக்கு. அதே தோட்டா 8 இன்ச் ட்விஸ்ட் இருக்குற பேரல்ல அழகா ஒரே இடத்துல விழும். உங்க பேரல் எத்தன இன்ச்சுன்னு தெரியலனா, கிளீனிங் ராட்ல துணி மாட்டி உள்ள தள்ளி, ராட்ல ஒரு கோடு போட்டு, அந்த கோடு ஒரு முழு சுத்து வர எவ்வளவு தூரம் போச்சுன்னு அளந்தா போதும்.

மானுக்கு வந்தா .243, 6.5 கிரீட்மூர், .308, .30-06, எல்லாத்துக்கும் கட்சி இருக்கு. 1955-ல வந்த .243 உதை கம்மி, 58 கிரெயின் போட்டா நரி, 100 கிரெயின் போட்டா மான், தம்பி கேட்ட மாதிரி ரெண்டு வேலைக்கு ஒண்ணுன்னா இதான் கிட்ட வரும். காட்டுப்பன்னியும் சேந்தா .308-க்கு போய்டுங்க. காலிபர் சண்டைக்கு இதுக்கு மேல நேரம் குடுக்க மாட்டேன், ஏன்னா அதவிட குண்டோட கட்டமைப்பு பெரிய விஷயம்.

இது எனக்கு ஒரு ராத்திரி புரிஞ்சது. .243-ல நரிக்கு வெச்சிருந்த மெல்லிசு தோல் குண்டு, பட்ட உடனே வெடிக்கிற ரகம், மேகசின்ல அதான் இருந்துச்சு, எதிர்ல பெரிய பன்னி வந்து நின்னுருச்சு. தோள்ல அடிச்சேன். குறி சரி, இடம் சரி, குண்டு தோள் எலும்புக்கு மேலயே தூளாகி நின்னுருச்சு. பன்னி ஓடிப்போச்சு. டார்ச்ச வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் ரத்தத் துளிய தேடித் தேடி போய் இன்னொரு தோட்டால முடிச்சோம். அந்த மூணு மணி நேரம் அது பட்ட வலிக்கு காரணம் நான் டப்பாவுல இருந்து எடுத்த தப்பான தோட்டா. வெடிக்கிற குண்டு சின்ன உடம்புக்கு, கட்டிப்போட்ட குண்டு பெரிய உடம்புக்கு. மூக்குல ஈயம் வெளிய தெரியுற சாஃப்ட் பாயின்ட் மானுக்கு போதும், பன்னி மாதிரி கெட்டி உடம்புக்கு ஈயமும் செம்பு உறையும் ஒட்டி செஞ்ச பாண்டட் குண்டு, இல்லனா 1948-ல நாஸ்லர் கொண்டு வந்த பார்ட்டிஷன் மாதிரி நடுவுல செம்பு சுவர் இருக்குறது, முன் பாதி விரியும் பின் பாதி உள்ள போய்க்கிட்டே இருக்கும். முழு உறை போட்ட எஃப்எம்ஜே வேட்டைக்கு வேணவே வேணாம், விரியாம ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போய்டும், மிருகம் எங்கயோ போய் மெதுவா சாகும்.

முழு செம்பு குண்டையும் யோசிங்க. ஈயக்குண்டு உடையும்போது கண்ணுக்கு தெரியாத துணுக்கு கறிக்குள்ள சிதறும், காட்டுல விட்டுட்டு வர்ற குடல கழுகு தின்னா அதுக்கும் விஷம். கலிஃபோர்னியாவுல காண்டோர் கழுகுங்க அப்படி ஈயத்துல செத்ததாலதான் 2019 ஜூலை 1-லிருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. செம்பு ஈயத்தவிட லேசு, அதே எடைக்கு குண்டு நீளமாகிடும், அதனால வழக்கமா போடுறதவிட ஒரு படி எடை கம்மியா எடுங்க. விரியுறதுக்கு வேகம் வேணும், செகண்டுக்கு 600 மீட்டருக்கு கீழ போய்ட்டா பல செம்பு குண்டு சரியா திறக்காது, அதனால தூரத்த கட்டுப்படுத்திக்கணும்.

ரகம் முடிவானதும் நாலஞ்சு பிராண்ட்ல ஒவ்வொரு டப்பா வாங்கி உங்க பேரல் எத விரும்புதுன்னு பேப்பர்ல பாருங்க. பெஞ்ச்ல மணல் பை வெச்சு, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு அஞ்சு குண்டா ரெண்டு குரூப், எது நெருக்கமா விழுதுன்னு பாருங்க. அக்கம்பக்கத்து நம்பர்ல வந்த ரெண்டு ரைஃபிள் கூட வேற வேற தோட்டாவ விரும்பும். .22-ல ஒரு பிராண்ட்லிருந்து இன்னொண்ணுக்கு மாத்துனா மொத பத்து குண்ட கணக்குல எடுக்காதீங்க, பழைய மெழுகு போய் புதுசு பேரல்ல படியணும். பிடிச்சது கிடைச்சா அதே லாட் நம்பர்ல (ஒரே தொகுப்பா தயாரிச்சது) மொத்தமா வாங்கி வைங்க.

ஸ்கோப்புக்கு வரேன். பெருசா 24 எக்ஸ் பவர் எல்லாம் மரத்துக்கு நடுவுல மிருகத்த கண்டுபிடிக்கவே விடாது. 3-9x40 போதும், அதாவது பவர் 3-லிருந்து 9 வரைக்கும், முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர். விடியக்காலையிலயும் சாயங்காலமும்தான் வேட்டை, அப்ப பவர குறைங்க, லென்ஸ் அளவ பவரால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளி வட்டம் தெரியும், 40-ஐ 9-ஆல வகுத்தா 4.4 மில்லிமீட்டர், 6-க்கு குறைச்சா 6.7, இருட்டுல விரிஞ்ச கண்மணிக்கு அது நெறஞ்சு வரும். நான் கண்ணால பாத்திருக்கேன், 9-ல கருப்பு நிழலா இருந்தது 6-ல கொம்பும் காதுமா பிரிஞ்சு தெரிஞ்சது. .22-க்கு பாரலாக்ஸ் (கண்ணு நகந்தா குறியும் நகர்ற மாதிரி தெரியுறது) 50 மீட்டர் கிட்ட இல்லாத மாதிரி செட் பண்ணி வெச்ச ரிம்ஃபயர் (.22 எல்ஆர் ரகத் தோட்டா) ஸ்கோப் வாங்குங்க. ரைஃபிள பைல வெச்சு தொடாம, தலைய மட்டும் மேல கீழ அசைச்சு பாருங்க, குறுக்குக் கம்பி டார்கெட் மேல நகந்துச்சுன்னா அந்த தூரத்துக்கு அது சரியில்ல. ரெட்டிகிள்ல, அதாவது அந்த குறுக்குக் கம்பில, புள்ளி புள்ளியா இருந்தா, பவர மாத்துனாலும் கம்பி அளவு மாறாத செகண்ட் ஃபோகல் பிளேன் ஸ்கோப்ல அந்த புள்ளிக் கணக்கு ஒரே ஒரு பவர்லதான் சரியா வரும், பெரும்பாலும் உச்ச பவர்ல.

ஸ்கோப்ப விட, அத ரைஃபிள்ல பிடிச்சு வைக்கிற மவுன்ட்டுக்கு காசு போடுங்க. ஒரு தடவ ஜீரோ நாளுக்கு நாள் ஓடிக்கிட்டே இருந்துச்சு, தோட்டாவ மாத்தினேன், மூச்ச மாத்தினேன், கடைசில பாத்தா பின் ரிங்கோட ஒரு ஸ்க்ரூ கால் சுத்து லூசு. ரிங் ஸ்க்ரூவுக்கு 2 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்குங்க, கை பலத்துல இறுக்குனா ட்யூப் நசுங்கிடும்.

தெர்மல் ஸ்கோப் பத்தி நெறைய பேர் கேக்குறாங்க. சூடு தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. 150 மீட்டர்ல நரி மாதிரி ஓடி வந்த வெள்ளை உருவம் ஒண்ணு, பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருந்தேன், வாலு சுருண்டிருந்துச்சு, பக்கத்து பண்ணை நாய். என்னன்னு பேரு சொல்ல முடியாத வரைக்கும் சேஃப்டி போட்டபடியே இருக்கட்டும்.

ரைஃபிளுக்கு சொல்ல ரொம்ப இல்ல. போல்ட் ஆக்‌ஷன், கன்னத்த வெச்சா கண்ணு தானா ஸ்கோப்புக்கு நேரா வரணும், ட்ரிக்கர் இழுக்கும்போது கண்ணாடி ஒடையுற மாதிரி இழுவை இல்லாம டக்குனு விடுபடணும், சைலன்சர் மாட்ட பேரல் முனையில மரை இருக்கணும். மலையேறி நடக்குறதுக்கு லேசானது, ஒரே இடத்துல உக்காந்து நரிக்கு காத்திருக்க கனமான பேரல். சைலன்சர் இருந்தாலும் காதுக்கு மஃப் போடுங்க, .223 வெடிக்கும்போது 160 டெசிபல் கிட்ட வருது, சைலன்சர் அதுல 20-லிருந்து 30 தான் குறைக்கும்.

தம்பிகிட்ட மூணுக்கு ஒண்ணு வேணாம்டான்னுட்டேன். இப்ப .22 போல்ட் ஒண்ணு, நாலு பிராண்ட் சப்சோனிக், 50 மீட்டர் ரிம்ஃபயர் ஸ்கோப், பின்னாடி மண் மேடு. மொத சீசன் முழுக்க முயல் மட்டும், நரிக்கும் மானுக்கும் .243 அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பேப்பர் அடிச்சதும் நாலு டார்கெட்டையும் போட்டோ எடுத்து அனுப்புறேன்னு சொல்லியிருக்கான், எந்த டப்பாவ மொத்தமா வாங்குறதுன்னு அத பாத்துட்டுதான் சொல்லணும்.