மேம்படுத்தியதும் லிப்ரேஆபீஸ் திறக்கவில்லை: ஆட்டோடெக்ஸ்ட் போகாமல் மீட்டது எப்படி

பத்திரமும் மனுவும் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். கணினியில் இருந்த உபுண்டு இயங்குதளத்தை 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றினேன். கூடவே நான் தட்டச்சுக்குப் பயன்படுத்தும் இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரேஆபீஸும் 7.3-லிருந்து 24.2-க்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் அதில் ஆவணம் தட்டச்சு செய்யும் ரைட்டரைச் சொடுக்கினால் முகப்புப் படம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. எரர் எதுவும் காட்டவில்லை. வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

விசாரித்த இடத்திலெல்லாம் "அழிச்சிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க" என்றார்கள். நான் அதைச் செய்யவில்லை. மென்பொருளை அழித்தாலும் நம் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் பயனர் கோப்புகள் அப்படியே கிடக்கும். கோளாறு அங்கே இருந்தால், திரும்பப் போட்ட மென்பொருளும் அதையே படித்துவிட்டு மூடிக்கொள்ளும்.

முதலில் சிஸ்டம் மானிட்டரில் சாஃபீஸ் என்ற பெயரில் லிப்ரேஆபீஸின் ப்ராசஸ் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அடுத்து, கட்டளை அடிக்கும் டெர்மினலில் லிப்ரேஆபீஸ் என்று அடித்து, இடம் விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு சேஃப்-மோட் என்று சேர்த்தேன். சேஃப் மோடில் நம் பயனர் கோப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, தற்காலிகமான புதிய அமைப்பில் அது திறக்கும். திறந்தது! மென்பொருளில் குறையில்லை, என் பழைய அமைப்பில்தான் சிக்கல் என்பது உறுதியானது.

சேஃப் மோட் தொடங்கும்போது வரும் பெட்டியிலேயே எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் வசதி உண்டு. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. நான்கெல்லை விவரம், சாட்சிப் பத்தி என்று பல வருடமாகச் சேர்த்த ஆட்டோடெக்ஸ்ட் எல்லாம் உள்ளே இருக்கிறது. இரண்டெழுத்து அடித்து எஃப்3 அழுத்தினால் முழுப் பத்தியும் வந்து விழும். சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களைச் சேர்த்த சொந்த அகராதியும் அங்கேதான். என் பிழைப்பே அதில் இருக்கிறது.

ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டர் தெரியும். அதற்குள் லிப்ரேஆபீஸ், அதற்குள் 4 என்று ஒரு ஃபோல்டர். இப்போது 24.2 ஓடினாலும் ஃபோல்டரின் பெயர் 4 தான். 2013-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அது மாறவில்லை. அதனால்தான் ஒவ்வொரு புதுப் பதிப்பும் பழைய அமைப்பையே எடுத்துக்கொள்கிறது. அதன் பெயரை '4-பழையது' என்று மாற்றினேன். தயவுசெய்து யாரும் இதை டெலீட் செய்யாதீர்கள், பெயரை மாற்றினாலே போதும். மறுபடி சொடுக்கியதும் ரைட்டர் திறந்து, தனக்கொரு புதிய 4-ஐ உருவாக்கிக்கொண்டது.

ரைட்டரை மூடிவிட்டு, பழையதன் யூசர் ஃபோல்டரிலிருந்து ஆட்டோடெக்ஸ்ட், ஆட்டோகர் (தானியங்கித் திருத்தங்கள்), வேர்ட்புக் (சொந்த அகராதி), டெம்ப்ளேட் ஆகிய நான்கை மட்டும் புதியதற்குள் நகலெடுத்தேன். ஒவ்வொன்றாக வைத்துத் திறந்து பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனேன். நான்கும் வந்த பிறகும் சரியாகவே ஓடியது. கடைசியில் ஆப்ஷன்ஸில் நாம் மாற்றிய அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ் கோப்பையும் வைத்துப் பார்த்தேன், அப்போதும் திறந்தது. மீதியில் என் சந்தேகம் யூனோ-பேக்கேஜஸ் மேல்தான். கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்கள் குடியிருக்கும் இடம் அது. நெடுநாளாகப் புதுப்பிக்கப்படாத ஒன்று அதில் இருந்தது. அதை எடுத்து வரவில்லை, தேவையும் படவில்லை.

விண்டோஸில் இருப்பவர்கள் ரன் பெட்டியில் ஆப்டேட்டா என்பதை இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு அடித்தால், லிப்ரேஆபீஸ் ஃபோல்டருக்குள் இதே 4 இருக்கும். அடுத்த முறை மேம்படுத்தும் முன் அதை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.