போட்டதும் அங்கே, எடுத்ததும் அங்கே

2024 மார்ச்சில், செயற்கை நுண்ணறிவை (ஏஐ) வளர்க்கும் திட்டமான இந்தியா ஏஐ மிஷனுக்கு மத்திய அமைச்சரவை ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன்படி, ஏஐயை ஓட்டும் சிப்பான ஜிபியுவின் வாடகை மானியத்தோடு மணிக்கு ஏறக்குறைய 65 ரூபாய்தான். எங்கள் தெரு முனைக்குக்கூட அந்தக் காசுக்கு ஆட்டோ வராது.

சரி, அந்த ஜிபியுக்களில் பெரும்பாலானவை யாருடையவை? வடிவமைப்பு அமெரிக்காவின் என்விடியா, தயாரிப்பு தைவான். 2025 ஜனவரியில் பைடன் அரசு போகிற போக்கில் ஒரு விதி போட்டது: எந்த நாட்டுக்கு எவ்வளவு சிப் போகலாம் என்று. இந்தியாவுக்கு இரண்டாம் வரிசை, அதாவது வரம்போடுதான். மே மாதம் டிரம்ப் அரசு அதைக் கைவிட்டது. இரண்டு முறையும் நாம் வேடிக்கைதான் பார்த்தோம்.

என்னை அதிகம் உறுத்துவது மொழி. 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 கணக்கில் 21 பைட். ஆங்கில 'ஹலோ' வெறும் 5. பழைய ஏஐ மாடல்கள் நம் சொல்லைக் கண்டபடி துண்டு துண்டாக நறுக்கும். மற்ற செயலிகள் மாடலைப் பயன்படுத்தும் வழியான ஏபிஐயில் காசு துண்டுக்குத்தான். சர்வம் போன்ற நிறுவனங்கள் இந்திய மொழிகளுக்கென்றே டோக்கனைசர், அதாவது சொல்லை நறுக்கும் கருவி, செய்வது இதனால்தான். அவர்கள் மாடல்களும் ஓடுவது என்னவோ அதே சிப்பில்.