வாடகை இல்லாத ஊர்

"உனக்குத்தான் அங்கே வாடகை கிடையாதே, தம்பி" என்றேன். கடுமையாகச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொன்னதாகவே நினைவு. மறுமுனையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன், "சரி அண்ணே, நாளைய எபிசோடை எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும்?" என்று கேட்டான். அவ்வளவுதான். மூன்று வருடங்கள் ஆகிவிட்டன.

எங்கள் டிவி சீரியலை ஊரிலிருந்தே எடிட்டிங் செய்து தருபவன் அவன். எபிசோடுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு 1,100 என்று முடிவானது. மாதத்துக்கு 26 எபிசோடுகள். அவன் அன்றைக்கே பெருக்கிப் பார்த்திருப்பான். நான் வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றதும் சென்னை சாலிகிராமத்து அறையைக் காலி செய்துவிட்டுத் தென்காசிக்குப் போனவன் அவன். மே 11 முதல் எடிட்டிங், டப்பிங் போன்ற வேலைகளுக்கு மட்டும் அரசு அனுமதி கொடுத்தது. எடிட் அறையில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. அந்த ஐவரில் ஒருவனாக வருவதற்கு அவனுக்கு பஸ் இல்லை. அங்கிருந்தே வெட்டட்டும் என்று ஏற்பாடு செய்தது நான்தான். படமெடுத்த மூலக் காட்சிகள் சென்னையிலேயே இருக்கும். அவற்றின் எடை குறைந்த நகல்களை இரவில் ஏற்றிவிடுவோம். அவன் வெட்டிக் கோத்து, எங்கெங்கே வெட்டு என்ற குறிப்பு மட்டும் அடங்கிய புராஜெக்ட் ஃபைலைத் திருப்பி அனுப்புவான்; ஒரு பாட்டு டவுன்லோட் ஆகும் நேரம்கூட ஆகாது. இங்கே அதை மூலத்தோடு இணைத்தால் எபிசோடு தயார். முன்பெல்லாம் படப்பிடிப்பு நடக்கும் வளசரவாக்கம் பங்களாவிலிருந்து எடிட் அறைக்கு டேப்பைத் தூக்கிக்கொண்டு பைக்கில் பறப்பதற்கென்றே ஒரு பையன் இருப்பான். தனியார் சேனல்கள் இந்தியாவிலிருந்து அப்லிங்க் செய்ய, அதாவது செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சியை அனுப்ப, முடியாத தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டேப்புகள் விமானமேறி வெளிநாடு போகும் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் தென்காசி எல்லாம் எனக்கு ஒரு தூரமாகவே படவில்லை.

ஊரடங்கு முடிந்தும் அவன் திரும்பவில்லை. தயாரிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. "கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஆளாகப் பாருங்கள்" என்றார். அவனைத் தக்கவைக்கத்தான் தொகையைக் குறைத்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எதையும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பதே என் பிழைப்பு. ஓட்டிப் பார்த்தால், தயாரிப்பாளர் அன்று பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அவனுக்கு வாடகைச் செலவு இல்லை சார், குறைத்துப் பேசலாம்" என்று முதலில் வாயைத் திறந்தவன் நான்.

அந்த வாதம்கூட என்னுடையதில்லை. அதற்குச் சில வருடங்கள் முன்பு மும்பையிலிருந்து ஓர் இணையத் தொடர் வேலை வந்தது. அங்கே இருந்த எடிட்டருக்குக் கொடுத்ததைவிட எனக்குக் குறைவாகப் பேசினார்கள். கேட்டதற்கு, "சென்னையில் செலவு குறைவுதானே" என்றார் அங்கிருந்து பேசிய அம்மையார். ஒரு வாரம் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கதை நடக்கிற ஊரே தென்காசிதான். யூனிட் ஒரு நாள்கூட அங்கே போனதில்லை. வளசரவாக்கத்து மாடிப்படியும் மாவிலைத் தோரணமும்தான் எங்கள் தென்காசி. வெளிப்புறத்துக்கு இணையத்தில் விலைக்கு வாங்கிய ஒரு மலை. வந்த புதிதிலேயே அவன் சொன்னான்: "அண்ணே, இந்த ஷாட்டில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்புகிறது. எங்கள் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. அங்கே சூரியன் இறங்கத்தான் செய்யும்." யார் கவனிக்கப் போகிறார்கள் என்று சிரித்துவிட்டேன். மறு வருடம் ஜூனில், யாரும் கேட்காமலே, மொட்டை மாடியிலிருந்து மூன்று ஷாட்டுகள் எடுத்து அனுப்பினான்: மேகம் கவிந்த மலை, சாரலில் நனைந்த ஓட்டுக் கூரை, குற்றாலம் போகும் சாலை. அவை ஒளிபரப்பான பிறகு, "அவுட்டோர் போனீர்களா?" என்று சேனலிலிருந்தே விசாரித்தார்கள். அதற்குப் பணம் தர பட்ஜெட்டில் தலைப்பு இல்லை. ஒரு தலைப்பை உண்டாக்கவும் நான் முயலவில்லை.

ஊரைக் கொடுத்தவனிடம் ஊரைக் காட்டியே கூலியைக் குறைத்தேன். எழுதிப் பார்த்தால் சீரியல் வசனம் போல இருக்கிறது. இத்தனை வருடம் இதையே வெட்டி ஒட்டிய தோஷம். நிதானமாகக் கணக்குப் பார்த்தால் அவனுக்குப் பெரிய நஷ்டமில்லை என்றும் வாதாடலாம். சென்னையில் இருந்தால் அறை வாடகை, ஹோட்டல் சாப்பாடு. அங்கே அம்மா சமையல். ஊரோடு இருப்பது நிம்மதி என்று அவனே சொல்லியிருக்கிறான். ஆனால் இன்வெர்ட்டர் வாங்கியது அவன். கம்ப்யூட்டரும் இணையக் கட்டணமும் அவனுடையவை. இங்கே அந்த மேசைக்கு நாங்கள் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே அவன் வீட்டு மாடி எங்களுக்கு இலவசம். அப்படியானால் வாடகை இல்லாமல் போனது யாருக்கு?

இன்றும் எங்களுக்குத்தான் வெட்டுகிறான். முன்பெல்லாம் ஃபைலோடு இரண்டு வரி சேர்ந்து வரும். அருவியில் தண்ணீர் எப்படி, கூட்டம் எப்படி என்று. இப்போது "ஏற்றிவிட்டேன் அண்ணே" மட்டும்.

இந்த வாரம் கதாநாயகி மழையில் ஊர் திரும்புகிறாள். அந்த மூன்று ஷாட்டுகளையும் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டோம். புதிதாக ஒன்று வேண்டும் என்கிறார் இயக்குநர். "அங்கே சாரல் ஆரம்பித்துவிட்டதா தம்பி?" என்று முந்தாநாள் தட்டச்சு செய்தேன். இன்னும் அனுப்பவில்லை.