பேக் அழுத்தினால் என்ன ஆகும்?

2018ஆம் ஆண்டு. ஈரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கடை. கல்லாவுக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் கணக்கு எழுதும் அக்கா கணினி முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். எங்கள் பில்லிங் மென்பொருளில் புது நிறுவனத்தைச் சேர்ப்பதற்காக நான் எழுதியிருந்த விசார்டை, அதாவது பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு நிரப்ப வைக்கும் திரையை, அவர் முதல் தடவையாக ஓட்டிப் பார்க்கிறார். மூன்றாவது பக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளையும் சான்றிதழில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தார். அப்புறம் ஒரு சந்தேகம்: முதல் பக்கத்தில் கடைப் பெயரை 'எலக்ட்ரிகல்ஸ்' என்று போட்டோமா, 'எலக்ட்ரிக்' என்று போட்டோமா? முந்தைய பக்கத்துக்குக் கூட்டிப்போகும் 'பேக்' பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் போய்ப் பார்த்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட். ஜிஎஸ்டி கட்டம் காலி.

"ஏந்தம்பி, அடிச்சதெல்லாம் எங்க போச்சுங்க?"

எனக்கே தெரியவில்லை. "ஏதோ சின்னப் பிரச்சினைங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் பஸ்ஸில் கோவை திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

விசார்ட் என்ற பெயரை இந்த மாதிரிப் படிப்படியான திரைப் பெட்டிக்குப் பரவலாக்கியது மைக்ரோசாஃப்ட். 1991இல் வந்த பப்ளிஷர் என்ற அதன் பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருந்த 'பேஜ் விசார்ட்' அதன் தொடக்கம். அதற்கு முன் கணினிக்காரர்களிடையே விசார்ட் என்றால் எல்லாம் தெரிந்த ஆசாமி. ஆப்பிள்காரர்கள் இதையே 'அசிஸ்டன்ட்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். விசார்ட் என்றால் மந்திரவாதி, மந்திரவாதியைவிட உதவியாளரிடம் எதிர்பார்ப்பு குறைவு.

நாங்கள் சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில், திரைகளையும் பொத்தான்களையும் ஆயத்தமாகத் தரும் க்யூட்டி என்ற தொகுப்பை வைத்து எழுதிக்கொண்டிருந்தோம். அதில் க்யூவிசார்ட் என்று ஆயத்தமாகவே ஒன்று இருக்கிறது. பக்கங்களை எழுதிச் சேர்த்தால் நெக்ஸ்ட், பேக், ஃபினிஷ், கேன்சல் எல்லாம் தானாக வந்துவிடும். ஆறு பக்கங்களை மூன்றே நாளில் முடித்துவிட்டேன். பெயரும் முகவரியும், வரி வகை, ஜிஎஸ்டி எண், நிதியாண்டும் பில் எண் வரிசையும், வங்கிக் கணக்கு, கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்துக் காட்டும் பக்கம். முன்னோக்கிப் போய்ப் போய்ப் பார்த்தேன், அருமையாக ஓடியது. ஒரு தடவைகூட நான் பேக் அழுத்திப் பார்க்கவில்லை. ஏன் அழுத்த வேண்டும்? எனக்குத்தான் எல்லா விடையும் தெரியுமே.

காலி கட்டத்தின் காரணம் க்யூட்டியின் ஆவணத்தில் பளிச்சென்று எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. பேக் அழுத்தி ஒரு பக்கத்தை விட்டு வெளியேறும்போது, க்யூவிசார்ட் அந்தப் பக்கத்தின் கட்டங்களைப் பழைய மதிப்புக்குத் திருப்பிவிடும். அடுத்த பக்கம் முந்தைய பக்கத்தின் விடையைப் பொறுத்தது என்று அது வைத்துக்கொள்கிறது. முந்தைய விடை மாறப்போகிறதென்றால் பிந்தையதைத் துடைத்துவிடுவதுதானே முறை? எழுதியவர்கள் கோணத்தில் நியாயம்தான். ஆனால் அக்கா எதையும் மாற்றப் போகவில்லையே, பார்க்கத்தான் போனார்.

பக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்லிவிட ஒரு விருப்பத்தேர்வு உண்டு. போட்டேன். எதுவும் அழியவில்லை, ஆனால் தொகுப்புப் பக்கம் உறைந்துபோய்விட்டது. அந்தத் தேர்வைப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் முதல் முறை காட்டும்போது மட்டும்தான் தயாராகும். பின்னால் போய் முகவரியை மாற்றிவிட்டு வந்தாலும் கடைசிப் பக்கத்தில் பழைய முகவரியே நின்றது. ஆக அதையும் எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் துடைக்கும் வேலையைச் செய்யும் ஃபங்ஷனை (நிரல்துண்டை) மட்டும் வெற்றாக எழுதி வைத்தேன். பேக் போனால் ஒன்றும் அழியாது, நெக்ஸ்ட் வந்தால் பக்கம் புதிதாகத் தயாராகும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே வேறொரு கடையிலிருந்து அழைப்பு. நான்காம் பக்கத்தில் நெக்ஸ்ட் எரியவில்லை. அங்கே நிதியாண்டு தொடங்கும் தேதியை ஏப்ரல் 1 என்று நானே நிரப்பி வைத்திருந்தேன், உதவியாக இருக்கட்டும் என்று. கூடவே அதைக் கட்டாயக் கட்டமாகவும் பதிந்திருந்தேன். க்யூட்டியில் கட்டத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும். ஆனால் 'நிரப்பியாயிற்று' என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? தொடக்கத்தில் இருந்த மதிப்பும் இப்போதைய மதிப்பும் வேறாக இருக்க வேண்டும். ஏப்ரல் 1 சரியான விடையாக இருப்பதாலேயே அது விடையாகக் கணக்கில் வரவில்லை. அந்தக் கடைக்காரர் நம்மைப் போலக் காத்திருக்கிற ஆள் இல்லை. ஏப்ரல் 2 என்று மாற்றினார், நெக்ஸ்ட் எரிந்தது, போய்விட்டார். அவர் அழைத்தது அதற்காகவும் அல்ல. ஏப்ரல் 1 தேதியிட்டு ஆரம்ப இருப்பைப் பதியப் போனால், 'தேதி நிதியாண்டுக்கு வெளியே உள்ளது' என்று மென்பொருள் மறுக்கிறதாம். அதற்காகத்தான்.

நட்சத்திரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பக்கம் முழுமையா என்ற சோதனையை நானே எழுதினேன். அப்படி எழுதும்போது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'நிலை மாறிவிட்டது' என்ற சிக்னலையும் நாமே அனுப்ப வேண்டும். அதை மறந்து இன்னொரு நாள் வீணானது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

என்டர் விசைக்கு வருகிறேன். நம் ஊர் கணக்கர்களின் கை டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கை. ஒரு கட்டத்தை முடித்தால் என்டர், அடுத்த கட்டத்துக்குப் போகும். மவுஸ் ஓரமாகக் கிடக்கும். க்யூவிசார்டில் என்டர் என்றால் நெக்ஸ்ட். அக்கா கடைப் பெயரை அடித்து என்டர் தட்டினால் முகவரிக்குப் போக வேண்டிய கர்சர் இரண்டாம் பக்கத்துக்கே தாவியது. 'அதுவா ஓடுது தம்பி' என்றார். இதனாலும்தான் அவர்கள் பேக்கை அத்தனை தடவை அழுத்தினார்கள் என்பது எனக்குப் பிந்தியே உறைத்தது. என்டர் தட்டினால் தானாக அழுந்தும் பொத்தானாக நெக்ஸ்ட் இருப்பதை நிறுத்தி, என்டர் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி, விசை அழுத்தத்தை இடையில் பிடிக்கும் ஒரு ஃபில்டர் எழுதினேன். பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் என்டர் தட்டினால் மட்டும் நெக்ஸ்ட் மேல் போய் நிற்கும். ஐம்பது வரி இருக்காது. இந்த விசார்டில் நான் செய்ததிலேயே அதிகம் பாராட்டு வாங்கிய ஐம்பது வரி அது.

தரவுத்தளத்திலும் ஒரு கூத்து நடந்தது. ஒவ்வொரு பக்கமும் முடியும்போதே அதன் தகவலை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனாலும் அடித்தது மிஞ்சும் என்ற நல்லெண்ணம்தான். ஐந்தாம் பக்கத்தில் பாஸ்புக் கையில் இல்லையென்று கேன்சல் அழுத்துவார்கள், மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரு கடையின் நிறுவனப் பட்டியலில் ஒரே பெயரில் மூன்று இருந்தன. எதில் பில் போடுவது என்று தெரியாமல் இரண்டில் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். அந்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அதன்பிறகு ஃபினிஷ் அழுத்தும் வரை எதையும் எழுதுவதில்லை. அழுத்தியதும், ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது என்கிற மாதிரி ஒரே டிரான்சாக்‌ஷனில்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று ஒளிந்திருந்தது, அதுவும் பேக்கில்தான். வரி வகைப் பக்கத்தில் மூன்று கிளைகள்: ரெகுலர், காம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்), பதிவு இல்லாதவர். பதிவு இல்லாதவருக்கு ஜிஎஸ்டி எண் பக்கமே வராது. காம்போசிஷன்காரருக்கு எண் உண்டு, ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, டாக்ஸ் இன்வாய்ஸுக்குப் பதில் வரி காட்டாத 'பில் ஆஃப் சப்ளை'தான் கொடுக்க வேண்டும். ஆகவே பில் எண் பக்கமும் அவருக்கு வேறு. ஒருவர் விளையாட்டாக ரெகுலர் என்று தேர்ந்து, 33இல் (தமிழ்நாட்டின் குறியீடு) தொடங்கும் யாருடைய எண்ணையோ அடித்துப் பார்த்துவிட்டு, பேக் போய் 'பதிவு இல்லாதவர்' என்று மாற்றி ஃபினிஷ் செய்துவிட்டார். துடைப்பதை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேனே, அந்த எண் அப்படியே கிடந்து அவர் கணக்கில் ஏறிவிட்டது. பில்லில் அச்சானபோதுதான் தெரிந்தது. க்யூட்டி ஏன் துடைத்தது என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

திரும்பவும் துடைக்கச் சொன்னால் அக்காவின் 15 எழுத்து போய்விடும். விட்டு வைத்தால் அடுத்தவர் எண் ஏறிவிடும். கடைசியில் செய்தது இதுதான்: திரையில் எதையும் அழிப்பதில்லை. சேமிக்கும்போது, அவர் உண்மையில் எந்தப் பக்கங்கள் வழியாக ஃபினிஷுக்கு வந்து சேர்ந்தாரோ அந்தப் பக்கங்களின் விடைகளை மட்டும் எடுக்கிறோம். மனசு மாறி மறுபடி ரெகுலர் என்று திரும்பினால் அடித்த எண் அங்கேயே காத்திருக்கும். தொகுப்புப் பக்கமும் அந்த விடைகளை மட்டுமே காட்டும்.

அந்தத் தொகுப்புப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நாங்களே மென்பொருள் நிறுவும்போது எதைப் படிக்கிறோம்? புது பதிப்பைப் போட்டுக்கொடுக்க ஈரோட்டுக் கடைக்கு மறுபடி போனேன். அக்கா நிதானமாக ஆறு பக்கத்தையும் நிரப்பினார், நடுவில் நாலு தடவை பின்னால் போய் வந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சான்றிதழோடு ஒப்பிட்டார். ஃபினிஷை அழுத்தாமல் என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுக்க வழி இருக்குங்களா தம்பி? ஆடிட்டர்கிட்டக் காட்டிட்டு வந்து அழுத்தறேன்."