ஒன்பதாம் மெட்டு

வீணையின் கழுத்தில் கம்பிகளுக்குக் கீழே குறுக்காக நிற்கும் 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகில் பதிந்திருக்கும். சுருதி விலகினால் மெழுகைச் சூடுகாட்டி நகர்த்தலாம். கிற்றாரில் அந்த வசதி இல்லை. வாளால் அறுத்த காடிக்குள் ஃபிரெட் எனும் மெட்டுக் கம்பியின் வால் இறங்க வேண்டும். வாலில் உள்ள சின்ன முட்கள் மரத்தைக் கடித்துப் பிடிக்க வேண்டும்.

யாழ்ப்பாண நகரில் ஒரு கடையின் பின்னறையில் வேலை எனக்கு. வருபவற்றில் பாதிக்கு மேல் விலை குறைந்த சீனத்துக் கிற்றார்கள். "அண்ணை, கழுத்து வளைஞ்சிட்டுதோ?" என்பார்கள் பெடியன்கள். அநேகமாகக் கழுத்தில் பிழை இராது. காடியை மெஷின் அறுப்பதால் ஃபிரெட்டின் இடமும் தவறுவது அரிது. உயரம்தான் தவறும். கடைசியில் அரம் பிடித்துச் சமப்படுத்துவது கைவேலை. அதில்தான் தொழிற்சாலை காசை மிச்சம் பிடிக்கிறது. சரியாக உலராத மரம் என்றால் இங்கே வந்து சுருங்கி, ஃபிரெட் முனைகள் கையைக் கீறும். அது அரை மணித்தியால வேலை, விடுங்கள்.

ஒருமுறை கோயில் பாடகர் குழுப் பெடியன் ஒருவன் வந்தான். எட்டாம் ஃபிரெட்டில் அமத்தினால் கம்பி அதிர்ந்து இரைந்தது. சின்ன இரும்புச் சட்டத்தை எட்டு, ஒன்பது, பத்து மூன்றிலும் சேர்த்து வைத்தேன். ஊஞ்சல் போல ஆடியது. ஒன்பது உயரம். மாக்கரால் கறுப்படித்து அரத்தால் ராவி, மேலே வளைவும் எடுத்துக் கொடுத்தேன். நல்லாய்ப் பாடியது.

நத்தாருக்குக் கிட்ட திரும்ப வந்தான். "இப்ப ஒன்பதில அமத்தினா இரையுது அண்ணை."

அப்போதுதான் நகத்தால் ஒன்பதின் முனையை நெம்பிப் பார்த்தேன். மெல்ல மேலெழும்பி, விட்டதும் அமர்ந்தது. அன்றைக்கு அது உயரமான ஃபிரெட் அல்ல, காடியிலிருந்து எழும்பி நின்ற ஃபிரெட். ராவியபின் உள்ளே இறங்கி, இப்போது பத்தைவிடப் பள்ளமாகிவிட்டது. தட்டி இறக்கி, ஒரு சொட்டு சுப்பர் குளூ விட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அரம் கைக்குக் கிட்டக் கிடந்ததுதான் வினை.

அந்த ஃபிரெட்டைச் சூடாக்கிப் பிடுங்கிப் புதுசு போட்டேன். "எவ்வளவு அண்ணை?" என்றான்.

"முதல் தந்ததே கூட, தம்பி."