புல் வெட்டுபவருக்குத் தெரிந்த ஆர்க்கிட்

செடிகளை உலர்த்தி, ஷீட் எனப்படும் தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கும் எங்கள் ஹெர்பேரியத்துக்கு ஆர்க்கிட் பார்க்க வரும் மாணவர்கள் கேட்பதெல்லாம் மரத்தில் தொற்றி வளரும் வகைகளைத்தான். வாண்டா எந்த அலமாரி, டெண்ட்ரோபியம் எத்தனை ஷீட் இருக்கிறது என்பார்கள். ஜியூக்ஸின் கவரை எடுங்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதில் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கவருக்குள் இருக்கும் ஜியூக்ஸின் ஸ்ட்ராட்டியூமாட்டிகா என்ற ஆர்க்கிட் தரையில் வளர்வது, மிஞ்சிப்போனால் ஒரு சாண் உயரம். காய்ந்து ஷீட்டில் ஒட்டிய பிறகு பார்த்தால், கைப்பிடிப் புல்லைப் பிடுங்கி ஒட்டிவைத்தது போலத்தான் இருக்கும்.

பழைய ஷீட்டுகளைப் படமெடுத்து, லேபிளில் உள்ளதைக் கணினியில் ஏற்றி, பெயரைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தபோது, மற்ற ஆர்க்கிட்களைவிட என்னை அதிகம் உட்காரவைத்தது இந்தப் புல்தான்.

முதலில் பெயர். ஒரே கவருக்குள் வெவ்வேறு கையெழுத்தில் வெவ்வேறு பெயர்கள். ஒரு ஷீட்டில் ஜியூக்ஸின் சல்கேட்டா என்று இருக்கும், அதன் மேலேயே பின்னால் வந்தவர் ஒட்டிய சீட்டில் ஸ்ட்ராட்டியூமாட்டிகா என்று இருக்கும். இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1670-களில் இலங்கையில் இருந்த பால் ஹெர்மன் அங்கே செடிகளைச் சேகரித்துப் பாடம் செய்து வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து அந்தத் தொகுப்பு, செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் கைக்குப் போனது. 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை லின்னேயஸ் அதை வைத்துத்தான் எழுதினார். 1753-இல் நம் செடிக்கு ஆர்க்கிஸ் ஸ்ட்ராட்டியூமாட்டிகா என்று பெயரிட்டார். கல்கத்தாவில் இருந்த தாவரவியலாளர் ராக்ஸ்பரோ இதையே டெரிகோடியம் சல்கேட்டம் என்றார். ஆர்க்கிட் ஆய்வாளர் லிண்ட்லி அதை ஜியூக்ஸின் பேரினத்துக்கு மாற்றினார். மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட், ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்களை வைத்து வெளியிட்ட பெரிய படத்தொகுப்பில் ரோபஸ்டா, பிரெவிஃபோலியா, பிராக்டியேட்டா என்று மூன்று புதிய ஜியூக்ஸின்களைச் சேர்த்தார். இன்றைக்கு அந்த மூன்றும் இதே செடிதான் என்று வைத்திருக்கிறோம். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி 1911-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்லெக்டர் லின்னேயஸின் பெயரை ஜியூக்ஸினோடு சேர்த்தார். அதுதான் இப்போது செல்லும் பெயர்.

வைட் கவனக்குறைவான ஆள் இல்லை. அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர் ஒரே செடிக்கு ஏன் மூன்று பெயர் வைத்தார் என்பது ஷீட்டுகளை வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தால் புரியும். ஒன்று தடித்துக் குட்டையாக, கதிர் நெருக்கமாக இருக்கும். இன்னொன்று மெலிந்து நீண்டு, பூக்கள் குறைவாக இருக்கும். நடுவில் உள்ள அளவுகளைத் தேடினால், ஒரே இடத்தில் எடுத்த செடிகளில் கிடைக்காது. ஓர் இடத்துச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், அடுத்த ஊர்ச் செடிகள் வேறு மாதிரி, ஆனால் அவையும் தங்களுக்குள் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு ஊர்களை மட்டும் பார்த்தவர் இரண்டு இனம் என்றுதான் எழுதுவார்.

பூவைப் பார்த்தால் கதை வேறு. காய்ந்த பூவை ஷீட்டிலிருந்து எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகிவிடும். பிறகு டிசெக்டிங் மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஊசியால் பிரிக்க வேண்டும். மேல் புறவிதழும் இரண்டு அல்லி இதழ்களும் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன முக்காடாக நிற்கும். உயிரோடு இருக்கும்போது அது வெள்ளை, கீழே உள்ள உதடு மஞ்சள். உதட்டின் அடிப்பகுதி பை போலக் குழிந்து, அதற்குள் பக்கத்துக்கு ஒரு சுரப்பி இருக்கும். தடித்த செடியிலும் மெலிந்த செடியிலும் இதில் மாற்றமில்லை. ஊசி கொஞ்சம் வழுக்கினால் பை கிழிந்துவிடும், இன்னொரு பூவைத் தியாகம் செய்ய வேண்டும். பழைய ஷீட்டில் இருப்பதே நாலைந்து பூ என்றால் கை நடுங்கத்தான் செய்யும்.

இந்தச் செடி பெரும்பாலும் கருவுறாமலே விதை வைக்கிறது. சூலுக்குள் தாய்த் திசுவிலிருந்தே கரு உண்டாகிறது. 1940-களில் இதன் கருவியலை ஆராய்ந்தவர்களில் பி.ஜி.எல். சுவாமியும் ஒருவர். கன்னட வாசகர்களுக்கு எழுத்தாளராகத் தெரிந்தவர், பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சூல் வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்த்தவர்களின் வேலை, அலமாரிக்கு முன்னால் நிற்கும் எனக்கு இத்தனை காலம் கழித்து உதவுகிறது. தாயின் நகலாகவே விதை வந்தால், ஒரு மைதானத்தில் முதலில் விழுந்த விதை எப்படியோ, அந்த மைதானம் முழுக்க அப்படியே இருக்கும். பூச்சி வந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பூத்த பூ எல்லாம் காயாகிவிடும். காய் வெடித்ததும் தூசு மாதிரி விதை காற்றில் போகும், செடி காய்ந்து மறைந்துவிடும். மார்கழியில் தொடங்கி மாசிக்குள் தரைக்கு மேலே நடப்பதெல்லாம் முடிந்துவிடுகிறது.

அப்புறம் பரவல் வரைபடம். ஆப்கானிஸ்தானில் தொடங்கி ஜப்பான் வரைக்கும், தெற்கே நியூ கினி வரைக்கும் இது இயற்கையாக வளர்கிறது. இதன் உறவுக்காரச் செடிகள் பெரும்பாலும் காட்டு நிழலில், மட்கிய இலைகளுக்கு நடுவே இருப்பவை. இது மட்டும் வெயிலில், புல்லோடு புல்லாக, வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கும். 1936-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். சீனாவிலிருந்து புல்தரைக்காகக் கொண்டுவந்த சென்டிபீட் புல் விதையோடு கலந்து போயிருக்கும் என்று கருதுகிறார்கள். இன்று அங்கே புல்தரை ஆர்க்கிட் என்றே அதற்குப் பெயர்.

ஆனால் எங்கள் ஷீட்டுகளை வைத்துப் புள்ளி வைத்தால், மலையடிவாரங்களில் புள்ளிகள் நெருக்கமாகவும் சமவெளியில் பெரிய வெற்றிடங்களாகவும் வருகிறது. அதை நான் செடியின் பரவலாக எடுத்துக்கொள்வதில்லை. ஆர்க்கிட் சேகரிக்கப் போகிறவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குத்தான் போவார், அதுவும் மழை முடியும் சமயத்தில். தை மாதம் ஊர் விளையாட்டுத் திடலில் யார் குனிந்து பார்ப்பார்கள்?

இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். கவரிலிருந்து எடுத்த படத்தைக் காட்டியதும், “இதுவா மேடம்? பொங்கல் நேரத்துல புல்லு நடுவுல வெள்ளையா நிக்குமே. மெஷின் ஓட்டுனா போயிரும், அடுத்த வருஷம் வேற பக்கம் வரும்” என்றார். பூக்கும் காலம், வாழிடம், இடம் மாறும் பழக்கம் எல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது. எங்கள் லேபிள்களில் பாதியில் இவ்வளவு கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் மெஷின் ஓட்டும் இதே செடிக்கும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் பாதுகாப்பு உண்டு. ஆர்க்கிட் குடும்பம் முழுக்க அந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறது.

எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் போடுவது சரிதானா என்று எங்கள் அறையிலேயே ஒத்த கருத்து இல்லை. சக ஊழியர் ஒருவர், தடித்த வடிவத்துக்கும் மெலிந்த வடிவத்துக்கும் தனிப்பெயர் வேண்டும் என்கிறார். பூ மாறாதபோது ஒவ்வொரு நகல் கூட்டத்துக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது என்பது என் பக்கம். இருந்தாலும் சீட்டில் ஸ்ட்ராட்டியூமாட்டிகா என்று எழுதும்போது, கீழே செடியின் உயரம், கதிரின் நெருக்கம், இலை அகலம் மூன்றையும் பென்சிலால் குறித்துவிடுகிறேன். டிஎன்ஏ பார்க்கப் போகிறவருக்கு எந்த ஷீட்டை எடுப்பது என்று தெரிய வேண்டுமே. களத்துக்குப் போகும் மாணவர்களுக்கு இப்போது கொடுக்கும் பட்டியலில் கல்லூரி மைதானமும் ஏரிக்கரையும் இருக்கின்றன. வாழிடம் என்ற இடத்தில் வெறுமனே புல்வெளி என்று எழுதாமல், எப்போது வெட்டுகிறார்கள், தண்ணீர் பாய்ச்சுகிறார்களா என்று அங்கே வேலை செய்பவரிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.