தண்ணீராக இருக்கும்போதே இறக்குங்கள்

நவம்பர் பாதி தாண்டினால் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு பை கிரான்பெர்ரி, அந்தச் சிறிய புளிப்புச் சிவப்புப் பழம், வந்துவிடும். அந்த மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அமெரிக்காவின் நன்றி நவிலும் பண்டிகை. நாங்கள் மாசசூசெட்ஸில் குடியேறிய முதல் வருடமே எதிர்வீட்டுப் பாட்டி எங்களை விருந்துக்கு அழைத்தார். வான்கோழி அவர் பொறுப்பு, அதோடு பரிமாறும் கிரான்பெர்ரி சாஸ் என் பொறுப்பு. எட்டு வருடங்களாக அந்த ஏற்பாடு மாறவில்லை.

முதல் வருடம் நான் செய்த தவறு, தொக்கு கிளறிப் பழகிய எவரும் செய்யக்கூடியது. கரண்டியில் திரண்டு நிற்க வேண்டும் என்று அரை மணி நேரம் கிளறினேன். மறுநாள் காலையில் கிண்ணத்தில் கரண்டி இறங்கவே இல்லை. பாட்டி ஒன்றும் சொல்லாமல் கத்தியால் வெட்டிப் பரிமாறினார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. இந்தப் பழத்தில் பெக்டின், அதாவது ஜாமை இறுகவைக்கும் பொருள், ஏராளம். புளிப்போடும் சர்க்கரையோடும் சேர்ந்து அது இறுகும். ஆனால் சூட்டில் இல்லை, ஆறும்போதுதான். அடுப்பில் கெட்டியாகத் தெரிந்தால் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள்.

அளவு எளிது. ஒரு பை 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். அதற்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். தண்ணீரில் பாதியைக் குறைத்து ஆரஞ்சுச் சாறு விடுவேன். ஆரஞ்சுத் தோலின் மேல்பகுதியைத் துருவிக் கடைசியில் சேர்ப்பேன். ஒரு சிட்டிகை உப்பு அவசியம், பழத்தின் கசப்பு அடங்கும். இஞ்சி ஒரு முறை போட்டுப் பார்த்தேன். இஞ்சிதான் முன்னால் நின்றது, பழம் எங்கோ பின்னால் போய்விட்டது. அதோடு விட்டுவிட்டேன்.

பழங்களைக் கழுவும்போது ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்ப்பேன். நல்ல பழம் கெட்டியாக இருக்கும், கீழே போட்டால் துள்ளும். கொழகொழத்ததை எறிந்துவிடுவேன். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: நான்கு சிறு அறைகள், உள்ளே வெறும் காற்று. அதனால்தான் இது மிதக்கிறது. இங்கே மாசசூசெட்ஸ் கடலோரத்துக் கேப் காட் பக்கம் அக்டோபரில் தோட்டங்களில் நீரைப் பாய்ச்சி, செடியிலிருந்து உதிர்த்த பழம் மிதந்து சிவப்பு விரிப்பாகத் திரள்வதை நேரில் பார்த்திருக்கிறேன். கண் கொள்ளாத காட்சி. அப்படி எடுப்பது பெரும்பாலும் சாறுக்கும் டப்பா சாஸுக்கும் போகிறது. பையில் வரும் பழம், தோட்டத்தில் நீரைப் பாய்ச்சாமல் ஈரமில்லாத செடியிலிருந்து பறித்தது. அங்கே 1816இலேயே இதைப் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, இந்த மண்ணின் வாம்பனோக் மக்களுக்கு இது உணவும் மருந்துமாக இருந்தது.

சர்க்கரையும் நீரும் கொதித்ததும் பழத்தைக் கொட்டுவேன். இரண்டு மூன்று நிமிடம் அமைதி. பிறகு ஒன்று வெடிக்கும், இன்னொன்று, அப்புறம் கடுகு தாளித்ததுபோல் படபடவென்று வரிசையாக. அந்தச் சத்தத்துக்காகவே நான் சமையலறையை விட்டு நகர்வதில்லை. உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து, தோல் கிழிந்து, நீர் முழுக்கச் சிவக்கும். தெறிக்கும், கை ஜாக்கிரதை.

பத்து நிமிடம் போதும். பெரும்பாலான பழங்கள் வெடித்திருக்கும், சில முழுதாக நிற்கும், குழம்பு நீர்த்துத்தான் இருக்கும். குளிரவைத்த சாசரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் உடனே இறக்கிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று கை இழுக்கும். இழுக்க விடாதீர்கள்.

புதன்கிழமை மாலையே செய்துவிடுவேன், ஓர் இரவு ஆற வேண்டும். போன வருடம் பாட்டி கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். சாஸ் மெல்ல நகர்ந்து, நின்றது. வான்கோழியை வெட்டுவதற்கு முன்பே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.